பிஆர் கார்டு ஒரு பக்கக் கதவைத்தான் திறக்கும்: கனடாவிலிருந்து காரில் அமெரிக்கா போய்வருவது

டொரண்டோவிலிருந்து பஃபலோ ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். கனடாவில் பிஆர் (நிரந்தர வாசி) ஆனவர்களில் பலரை இந்த நெருக்கம்தான் அசட்டையாக்கிவிடுகிறது. "பிஆர் வந்துவிட்டது, இனி காரில் போனால் விடாமலா இருப்பார்கள்" என்று கிளம்பிப்போய், எல்லைப் பாலத்தின் மறுமுனையிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருபவர்கள் இன்றும் உண்டு.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2003க்கு முன்பு, காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் கனடாவின் நிரந்தர வாசிகளாக இருந்தால் விசா இல்லாமலே அமெரிக்காவுக்குள் போக முடிந்தது. அந்தச் சலுகை அந்த ஆண்டோடு நின்றுபோனது. தொண்ணூறுகளில் வந்தவர்கள் சொல்லும் அறிவுரை அவர்கள் காலத்துக்குச் சரி. இன்றைக்கு அதை நம்பிக் காரை எடுக்கக் கூடாது.

இன்றைய நிலை இதுதான். அமெரிக்காவுக்குள் போகும்போது உங்களை உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றாலும் செல்லுபடியாகும் விசா வேண்டும். சுற்றுலாவுக்கும் உறவினர் வீட்டுக்கும் அது பி1/பி2. அங்கே பிஆர் கார்டு செய்யும் வேலை ஒன்றே ஒன்று: "இவருக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது" என்று காட்டுவது. கனடாவுக்குத் திரும்பும்போது எல்லாம் தலைகீழாக மாறும். அங்கே பேசுவது பிஆர் நிலை. பாஸ்போர்ட் துணைக்கு வரும். எல்லையில் வரும் சிக்கல்களில் பல இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருபவை.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டோடு கனடாவில் பிஆர் ஆனவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2022 அக்டோபர் 1 முதல் தரை வழியாகப் போனாலும் எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி கட்டாயம். விமானத்துக்கு மட்டும்தான் எஸ்டா என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 40 அமெரிக்க டாலர் ஆனது. அதற்கு முன்பு 21. எஸ்டாவில் தங்கக் கிடைப்பது அதிகபட்சம் 90 நாள்.

எதிர்த்திசையிலும் ஒரு வரி சொல்லிவிடலாம். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கனடாவுக்கு வர விசா வேண்டாம். ஆனால் 2022 ஏப்ரல் 26 முதல் கிரீன் கார்டோடு, செல்லுபடியாகும் தம் நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நியூஜெர்சி சித்தப்பா காலாவதியான பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கார்பரோ கல்யாணத்துக்குக் கிளம்பினால், பாலத்தில் மாட்டிக்கொள்வார்.

இனி அகதியாக ஏற்கப்பட்டு பிஆர் ஆனவர்களுக்கு. இலங்கையிலிருந்து வந்த நம்மவர்களில் பலருக்கு இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்தீர்களோ, அந்த நாட்டின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அதில் பயணம் செய்தால், "இவர் மறுபடி அந்த நாட்டின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று கனடா அரசு வாதிடலாம். அப்படி அகதி நிலை முடிவுக்கு வந்தால், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி பிஆர் நிலையும் சேர்ந்தே போய்விடக்கூடும். பயணம் இலங்கைக்குத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்தப் பாஸ்போர்ட்டை நீட்டி அமெரிக்கா போனதும் கணக்கில் வரும். உங்களுக்கு உரியது கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணம். அமெரிக்க விசாவை அதிலேயே பெறலாம். குடியுரிமை கையில் வரும் வரை பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். நயாகராவைப் பார்த்துவர இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஐ-94: முப்பது டாலர் யாருக்கு, எதற்கு

கனடியக் குடிமக்கள் காரில் சுற்றிப்பார்க்கப் போனால் பொதுவாக ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததையும் தங்கக்கூடிய கடைசித் தேதியையும் காட்டும் பதிவு) கேட்க மாட்டார்கள். விசாவில் போகும் பிஆருக்கு அது வேண்டும். நண்பர்கள் இரண்டு காரில் சேர்ந்து போகும்போது, குடியுரிமை பெற்றவர்களின் கார் இரண்டு நிமிடத்தில் போய்விடும், பிஆர் குடும்பத்தின் கார் அலுவலகத்துக்குள் அனுப்பப்படும். உங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஐ-94 எழுத, கைரேகை எடுக்க, படம் பிடிக்க, பணம் வாங்க உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

தரை எல்லையில் இதற்குக் கட்டணம் முன்பு 6 அமெரிக்க டாலர். 2025 செப்டம்பர் 30 அன்று அது 30 டாலர் ஆனது, ஆளுக்கு. நால்வர் என்றால் 120. இதை ஒவ்வொரு தடவையும் கட்ட வேண்டியதில்லை என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. பி2 விசாவில் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு ஐ-94 தருவார்கள். அது முடியும் தேதிக்குள் கனடாவுக்குப் போய்விட்டு மறுபடி வந்தால், அதே ஐ-94 தொடரும். அடுத்த முறை சாவடியிலேயே, "ஏற்கெனவே ஐ-94 இருக்கிறது" என்று சொல்லி அச்சிட்ட தாளை நீட்டுங்கள். சொல்லாவிட்டால் மறுபடி உள்ளே அனுப்பப்படலாம்; நேரமும் போகும், சில நேரம் பணமும் போகும். அடிக்கடி போய்வருபவர்கள் முதல் பயணத்தை யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. மே மாதக் கடைசியில் எடுத்தால் கோடை முழுக்க ஓடும். பிப்ரவரியில் ஒருநாள் கடைவீதிக்காக எடுத்தால், ஆகஸ்ட் விடுமுறையில் மறுபடி முப்பது முப்பதாக எண்ண வேண்டிவரும்.

முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். கட்டிய பிறகு 7 நாளுக்குள் எல்லைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் பணம் திரும்ப வராது. கட்டிவிட்டதால் உள்ளே போகாமல் தப்பிக்கவும் முடியாது. கைரேகையும் கேள்வியும் அங்கேதான். ஆனால் பெயர், முகவரி, விசா எண் எல்லாம் அவர்கள் திரையில் ஏற்கெனவே இருப்பதால், கூட்ட நாளில் நன்றாகவே நேரம் மிச்சமாகும். விண்ணப்பிக்கும் தளம் அமெரிக்க அரசின் "டாட் கவ்" முகவரியில் முடிகிறதா என்று பாருங்கள். தேடினால் முதலில் வருபவற்றில் கூடுதல் பணம் கறக்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு.

2022 மே மாதத்திலிருந்து தரை எல்லையில் பெரும்பாலும் காகித ஐ-94 தருவதில்லை. எல்லாம் மின்பதிவு. அதனால் உள்ளே போன அன்றே ஐ-94க்கான அந்த அரசுத் தளத்தில் உங்கள் பதிவைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள்: விசா வகை பி2 என்று சரியாக இருக்கிறதா, தங்கக்கூடிய கடைசித் தேதி என்ன. விசாவில் அச்சான தேதி வேறு, இது வேறு. பத்து வருட விசா இருக்கிறதே என்று ஐ-94 தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை, ஒரு வருடம் தாண்டினால் பத்து ஆண்டுத் தடை.

பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால் ஐ-94ஐயும் அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார்கள். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா செல்லும். ஆனால் பழையது, புதியது இரண்டையும் கொண்டுபோக வேண்டும். புதியது மட்டும் கையில், விசா ஒட்டிய பழையது பிராம்டன் வீட்டு அலமாரியில் என்றால், வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

நம் பெயர்கள்

இந்த விஷயம் வேறு சமூகத்தாருக்கு அவ்வளவாகப் புரியாது, நமக்கு நன்றாகவே புரியும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. கனடாவின் ஆவணங்களிலும் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்கே போகும், ஆனால் முதற்பெயர் காலியாக இருக்கும். ஆக பாஸ்போர்ட்டில் ஒன்று, விசாவில் ஒன்று, பிஆர் கார்டில் ஒன்று. ஐ-94 விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பிறகு பதிவைத் தேடும்போது கிடைக்கவில்லை என்றால், எஃப்என்யூ போட்டும் தேடுங்கள், இரண்டு பெயரையும் இடம் மாற்றியும் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது பிள்ளைகள். மகளின் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர். காரில் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் போகிறார்கள். அதிகாரியின் கையில் இருக்கும் மூன்று ஆவணங்களில் ஒரு பெயர்கூட ஒத்துவரவில்லை. அவர் கேட்பது நியாயமான கேள்வி. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதும் அவர் வேலை. பெற்றோர் பெயர் இருக்கும் நீண்ட வடிவப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப்போனால் இந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் தீரும். சுருக்க வடிவத்தில் பெற்றோர் பெயர் இருக்காது என்பதைக் கவனியுங்கள். வராத பெற்றோரிடமிருந்து தேதி, செல்லும் இடம், தொலைபேசி எண்ணோடு ஒரு சம்மதக் கடிதமும் வேண்டும். நோட்டரி கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. கடிதத்தில் உள்ள எண்ணை அதிகாரி அழைத்தால், அப்பா போனை எடுக்க வேண்டும்!

கனடாவில் பிறந்த 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தரை வழியாகப் பிறப்புச் சான்றிதழோடு அமெரிக்கா போகலாம். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். அங்கே அவசரமாக விமானத்தில் திரும்ப வேண்டிவந்தால் சான்றிதழ் உதவாது.

ஒரு காரில் ஐந்து பேர் போனால், ஐவரில் ஒருவரிடம் தாள் சரியில்லை என்றாலும் ஐவருக்கும் அன்றைய பயணம் முடிந்துபோகலாம். சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகாலக் கனடிய வருகை விசா) வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் கூட்டிப்போவதென்றால், அவர்களுக்குத் தனியாக அமெரிக்க விசா வேண்டும். கனடாவுக்குத் திரும்ப நுழையும் தகுதியும் அவர்களுக்கு இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள்.

வண்டி

ஓனர்ஷிப் தாள், பிங்க் ஸ்லிப் (இன்சூரன்ஸ் தாள்), ஓட்டுநர் உரிமம் மூன்றும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒன்டாரியோ இன்சூரன்ஸ் அமெரிக்காவிலும் செல்லும். ஆனால் சட்டப்படியான குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பு 2 லட்சம் டாலர்தான். அமெரிக்காவில் ஒரு விபத்தும் அதன் மருத்துவச் செலவும் வழக்கும் சேர்ந்தால் அது ஒரு மூலைக்குக் காணாது. குறைந்தது 10 லட்சம், முடிந்தால் 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருடைய பாலிசியில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், பார்த்து உறுதி செய்தால் போதும். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். நண்பரின் கார் என்றால் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம்.

அதிகம் பேர் அறியாத பொறி ஒன்று: கனடாவில் வசிக்கும் நீங்கள், அமெரிக்க நம்பர் பிளேட் உள்ள அண்ணனின் காரை அவர் இல்லாமல் கனடாவுக்குள் ஓட்டிவர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் வசிப்பவர் வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவருவதைச் சில விதிவிலக்குகள் தவிரச் சுங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வண்டியையே பறிமுதல் செய்யும் அளவுக்குப் போகலாம்.

மருத்துவக் காப்பீட்டை வண்டியோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு வெளியே ஒஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) தருவது பெயரளவுதான்: அவசர உள்நோயாளிக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர், தீவிரம் குறைந்ததென்றால் 200, வெளிநோயாளிக்கு 50. அமெரிக்க மருத்துவமனையில் அந்தக் காசு வாசலைத் தாண்டாது. ஒரு நாள் பயணத்துக்கும் பயணக் காப்பீடு எடுங்கள்.

பாலமும் சாவடியும்

நயாகரா பக்கம் மூன்று பாலங்கள் எல்லோருக்கும் தெரியும். ரெயின்போ பாலம் அருவிக்குப் பக்கத்தில் இருப்பதால் சுற்றுலாக் கூட்டம் முழுக்க அங்கே. லூயிஸ்டன்-குயின்ஸ்டன் அதற்குச் சற்று வடக்கே. ஃபோர்ட் ஈரியிலிருந்து பஃபலோவுக்குப் போவது பீஸ் பாலம். மேற்கே சார்னியாவில் ப்ளூ வாட்டர் பாலம், வின்ட்சரில் அம்பாசடர் பாலமும் சுரங்கப்பாதையும். இரு நாடுகளின் எல்லைத் துறைகளும் காத்திருக்கும் நேரத்தை இணையத்தில் போடுகின்றன. செயின்ட் கேதரின்ஸ் தாண்டும் முன் பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்துப் பாலத்தை முடிவு செய்யட்டும். ஆனால் அந்த நேரம் சாவடிக்கான வரிசை மட்டுமே. ஐ-94 எடுக்க உள்ளே காத்திருப்பது அதில் சேராது. நீண்ட வார இறுதியில் அது இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்க ஏதாவது இருக்கட்டும். நயாகராப் பாலங்களில் கட்டணம் கனடாவுக்குள் வரும்போதுதான் வாங்குவார்கள்.

சாவடியில் செய்ய வேண்டியவை சிறியவை, ஆனால் பலன் பெரியது. முந்தைய கார் நகர்ந்தவுடன் நீங்களும் முன்னே போகாதீர்கள். நிறுத்தக் கோட்டில் நின்று, அழைத்த பிறகு போங்கள். டேஷ்கேமை அணைத்துவிடுங்கள், எல்லைச் சாவடியில் படம்பிடிக்க அனுமதி இல்லை. இன்ஜினையும் பாட்டையும் நிறுத்துங்கள். பின் கண்ணாடிகளையும் இறக்குங்கள். கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அவசியம். பாஸ்போர்ட்டுகளை உறையிலிருந்து எடுத்து, விசாப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றிலும் அவரவர் பிஆர் கார்டைச் செருகி, ஒரே கட்டாக நீட்டுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் ஐந்தாறுதான்: எங்கே வசிக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எத்தனை நாள், என்ன வேலை, என்ன கொண்டுபோகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில். "எங்கே வசிக்கிறீர்கள்" என்றால் "மிசிசாகா" என்பது பதில். எந்த ஊரில் பிறந்தோம், எப்போது குடியேறினோம் என்ற வரலாறு வேண்டாம். போகும் வீட்டின் முகவரி போனில் இல்லாமல் தாளில் இருக்கட்டும், ஏனென்றால் ஐ-94க்கு அதைக் கேட்பார்கள், பாலத்தில் சிக்னல் போகும். பிஆர் கிடைத்து சில மாதங்களே ஆனவர்கள், வேலை மாறும் நடுவில் இருப்பவர்கள், வேலைக் கடிதமோ வீட்டு ஒப்பந்தமோ ஒன்று வைத்திருங்கள். நாங்கள் திரும்பிவிடுவோம் என்று காட்டும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது, அதிகாரியுடையது அல்ல. "அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, உதவிக்குப் போகிறேன்" என்பதைச் சொல்லும்போதும் கவனம் தேவை. சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கப் போவதாக எடுத்துக்கொண்டால் அது பி2 விசாவுக்குள் அடங்காது. குழந்தையைப் பார்க்கப் போகிறேன், இத்தனை நாளில் திரும்புவேன் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

கஞ்சா விஷயத்தில் எந்தத் தளர்வும் கிடையாது. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் அது சட்டப்படி விற்கப்படுகிறது. நியூயார்க் மாநிலத்திலும் விற்கிறார்கள். ஆனாலும் எல்லையைத் தாண்டி எந்தத் திசையில் கொண்டுபோவதும் குற்றம். வலிக்கான எண்ணெய், கம்மி மிட்டாய் எல்லாம் இதில் அடங்கும். குடிமகன் அல்லாதவருக்கு இதன் பாரம் இரட்டிப்பு: அமெரிக்கப் பக்கம் நிரந்தரத் தடைவரை போகலாம், கனடியப் பக்கம் குற்றத் தீர்ப்பு வந்தால் பிஆர் நிலைக்கே ஆபத்து. வளர்ந்த பிள்ளைகளின் பைகளையும் காரின் இருக்கை இடுக்குகளையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வண்டி ஓட்டுபவர் நீங்கள் என்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

சாப்பாட்டுப் பொருளில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது கறிவேப்பிலையில். எலுமிச்சைக் குடும்பச் செடி அது; எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. கனடாக் கடையில் வாங்கினோம் என்பது பதிலாகாது, விளைந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள். மாம்பழமும் எலுமிச்சையும் அப்படியே. விறகு இரு பக்கமும் கூடாது. எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருள் அதிகபட்சம் குப்பைக்குப் போகும். சொல்லாமல் அகப்பட்டால் முதல் தடவையே 300 டாலர் அபராதம் வரலாம், அது உங்கள் பெயரில் பதிவாகி அடுத்த பயணங்களிலும் கூடவே வரும்.

நெக்சஸ், அதாவது முன்பே சோதித்து அனுமதித்த பயணிகளுக்கான விரைவு வரிசை அட்டை பற்றி ஒரு சொல். பிஆர்களும் எடுக்கலாம், மூன்று ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் கட்டணம் 120 அமெரிக்க டாலர், ஐந்து ஆண்டுக்கு. காரில் உள்ள ஒவ்வொருவரிடமும், கைக்குழந்தை உட்பட, அட்டை இருந்தால்தான் அந்த வரிசையில் நிற்கலாம். அது இருந்தாலும் பிஆருக்கு விசாவும் பாஸ்போர்ட்டும் ஐ-94உம் வேண்டும்.

திரும்பும்போது

அமெரிக்காவில் காட்டிய அதே பாஸ்போர்ட்டைப் பிஆர் கார்டோடு சேர்த்துக் கனடிய அதிகாரியிடம் கொடுங்கள். அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது அங்கே முத்திரை குத்த யாரும் இல்லை. கனடா உங்கள் வருகையைப் பதிந்து அமெரிக்காவுக்கு அனுப்பும் தகவல்தான் நீங்கள் வெளியேறியதற்குச் சாட்சி. 2013 முதல் இது நடக்கிறது. நீட்டிய ஆவணம் வேறாக இருந்தால் இரண்டு பதிவும் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு.

பிஆர் கார்டு தொலைந்தால் அல்லது காலாவதியானால் பிஆர் நிலை போய்விடாது. விமானம், பேருந்து, ரயில் போன்றவற்றில் ஏறத்தான் கார்டு தேவை. தனியார் வாகனத்தில் தரை எல்லைக்கு வந்தால், காலாவதியான கார்டையோ குடியேறியபோது கிடைத்த உறுதித் தாளையோ காட்டி நுழையலாம். வாடகைக்கு எடுத்த, இரவல் வாங்கிய காரும் தனியார் வாகனமே. நீங்கள் பிஆர் என்று அதிகாரிக்கு உறுதியானால் உங்களை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்கிறது குடிவரவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆனால் ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இல்லாதவர்களை அங்கேயே கேள்வி கேட்டு அறிக்கை எழுதலாம். அப்படி எழுதி வெளியேற்ற ஆணை தந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும் வரை நீங்கள் பிஆர்தான். அந்த இடத்தில் நீட்டும் எந்தத் தாளிலும், குறிப்பாகப் பிஆர் நிலையைத் தாமாகக் கைவிடும் படிவத்தில், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கிய பொருளுக்கான கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் விலக்கே இல்லை. 24 மணி தாண்டினால் 200 கனடிய டாலர், மதுவும் புகையிலையும் சேராமல். 48 மணி தாண்டினால் 800, அவற்றோடும் சேர்த்து. 200 டாலர் விலக்கில் ஒரு டாலர் கூடினாலும் விலக்கு முழுதும் போய்விடும்: 240 டாலருக்கு வாங்கியிருந்தால் மொத்தத்துக்கும் வரி, ஒன்டாரியோவாசிக்கு 13 சதவீதமாக 31 டாலர் 20 சென்ட்; வட அமெரிக்காவில் செய்யாத பொருளுக்குத் தீர்வையும் சேரலாம். 800 டாலர் விலக்கு அப்படியில்லை: 950க்கு வாங்கினால் மேலே உள்ள 150க்கு மட்டும். கணவன் விலக்கை மனைவி விலக்கோடு கூட்டி ஒரே டிவியில் போட முடியாது. மதுவில் ஆளுக்கு 1.14 லிட்டர் சாராய வகை, அல்லது 1.5 லிட்டர் வைன், அல்லது 8.5 லிட்டர் பியர், மூன்றில் ஒன்று. பில்களை ஒரே உறையில் போட்டு முன்னால் வையுங்கள், டிக்கியில் பைக்கடியில் வேண்டாம்.

நகை. கல்யாணத்துக்குப் போகும் காரில் இதுதான் பெரிய மதிப்புள்ள சரக்கு. திரும்பும்போது "இதை எங்கே வாங்கினீர்கள்" என்று கேட்டால், பத்து வருடம் முன்பு போட்ட தாலிக்கொடிக்கும் ஆரத்துக்கும் என்ன ஆதாரம் காட்டுவது? கனடா எல்லைச் சேவை முகமை சொல்லும் வழி: கிளம்பும் முன் நகை மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டுச் சான்று, ஒவ்வொரு நகைக்கும் கையெழுத்தும் தேதியும் இட்ட படம், படத்தில் உள்ளது இதே நகைதான் என்ற உறுதிமொழி. ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வரி கட்டியிருந்தால் அந்த ரசீதின் பிரதி. கேமரா, மடிக்கணினி போல வரிசை எண் உள்ளவற்றுக்கு பிஎஸ்எஃப்407 என்ற அட்டை; போகும் முன் கனடியச் சுங்கத்தில் பொருளைக் காட்டி எழுதி வாங்கலாம், செலவில்லை. கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் கனடாவிலும், 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால் அமெரிக்காவிலும் அறிவிக்க வேண்டும், மொய்ப் பணமாக இருந்தாலும்.

விசா இல்லாத பிஆர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டொரண்டோவிலிருந்து வின்னிபெக்குக்கோ மாங்டனுக்கோ போக வழிகாட்டிச் செயலியைக் கேட்டால், குறுக்கு வழி என்று அமெரிக்கா ஊடாகக் காட்டக்கூடும். கிளம்பும் முன் முழு வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். நயாகராவிலும் வின்ட்சரிலும் "பாலம், அமெரிக்கா" என்ற பலகையுள்ள தடத்தில் தவறிப் புகுந்துவிட்டால், முதலில் கண்ணில் படும் கட்டணச் சாவடி ஊழியரிடமோ அதிகாரியிடமோ "வழி தவறிவிட்டேன்" என்று சொல்லுங்கள். வண்டியைப் பின்னோக்கி எடுக்கவோ நடுவில் திருப்பவோ கூடாது. அமெரிக்க அதிகாரி திருப்பி அனுப்பினாலும் கனடியச் சாவடி வழியாகத்தான் வீடு வர முடியும், அங்கே நடந்ததை அப்படியே சொல்லிப் பிஆர் கார்டைக் காட்டுங்கள். அதனால்தான் அருவியைப் பார்க்க மட்டும் போனாலும் அந்த அட்டை பர்ஸில் இருக்க வேண்டும்.

வீடு வந்த இரண்டு மூன்று நாளில் ஐ-94 தளத்தில் பயண வரலாற்றைத் திறந்து, வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்து ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். போன தேதி, வந்த தேதி, எந்தப் பாலம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஒரே நாளில் போய்வந்திருந்தாலும். குடியுரிமை விண்ணப்பத்தில் ஐந்தாண்டுப் பயணங்களைக் கேட்பார்கள்; கனடாவில் சிறிது நேரம் இருந்த நாளும் முழு நாளாகவே கணக்காகும் என்பதால் எண்ணிக்கை குறையாது. ஆனால் விடுபட்ட பயணம் எல்லைப் பதிவில் தெரிந்தால் விளக்கம் கேட்டு விண்ணப்பம் மாதக்கணக்கில் நிற்கும்.